நீரூற்று நின்றால் பெரியப்பா கூப்பிடுகிறார்

மாலை ஏழு மணி. இருட்டிவிட்டது. ஊரைத் தாண்டிப் போகிற ஒரு சாலை... இரண்டு பக்கமும் பாதி கட்டி அப்படியே விட்ட வீடுகள். ஜன்னலுக்கு ஓட்டை விட்டிருக்கிறார்கள், ஜன்னல் இல்லை. விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள், விளக்கு இல்லை. அந்தச் சாலையில் ஒருத்தி தனியாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறாள்.

"ஏன்க்கா தள்ளிக்கிட்டுப் போறா? பெட்ரோல் தீந்துடுச்சா?"

பெட்ரோல் இருக்கிறது. சாலைதான் இல்லை, முழுக்கக் குழி. இதோ பார், இப்படிக் குறுக்கே குறுக்கே கேட்கிறவள்தான் முதலில் அலறுவாள். இந்த ஹாஸ்டலில் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் வருகிறவரை கதை சொல்லு என்று கெஞ்சியது நீங்கள்தான். அந்த டார்ச்சை அணைத்துவிட்டு, காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு கேளுங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் உங்களோடு உட்கார்ந்து இப்படி பிஸ்கட் தின்றுகொண்டிருக்க மாட்டேன். என்னோடு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாளே, பொடி... அவள் வீட்டில் நடந்தது. ஆள் குள்ளம், அதனால் பொடி. மேல் அலமாரி மருந்தை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுவாள். பொய் சொல்லத் தெரியாது. மருந்து இல்லையென்றால் முகத்தைப் பார்த்தே வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவார். அதனால்தான் அவள் சொன்னதை நான் நம்புகிறேன்.

அந்தச் சாலையின் கோடியில் அவளுடைய அண்ணன் வீடு. கூடப் பிறந்த அண்ணன் இல்லை, பெரியப்பா மகன். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி போன் செய்திருக்கிறாள். அண்ணி ஊரில் இல்லை, தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

"உங்கண்ணன் காலையில பேசினதோட சரி. அப்புறம் போனே எடுக்கல. கடைய முடிச்சுட்டுப் போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுப் போறியா?"

சரி என்று பொடி போனாள். இரும்புக் கேட் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. மதில் அவளைவிட உயரம். அவளைவிட உயரமில்லாத மதில் எங்கே இருக்கிறது, அது வேறு விஷயம். வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. "அண்ணா" என்று கூப்பிட வாயைத் திறந்தாள்...

அப்போது கேட்டது.

சளசள... சளசள... மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம். தோட்டத்து நீரூற்று. ஒரே சீராக, நன்றாகக் கேட்டது. கூடவே ஒரு வாசனை. ஈரமண் வாசனை இல்லை. வெயிலில் கிடந்த ரெக்சின் வாசனை. மூடிய காரை மத்தியானம் திறந்தால் சீட்டிலிருந்து முகத்தில் அடிக்குமே, அது.

பொடி அண்ணிக்குப் போன் போட்டாள். "கேட்டு பூட்டியிருக்கு அண்ணி. பவுண்டன் சத்தம் கேக்குது" என்று சொல்லி, போனை மதிலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் அண்ணி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஓடுதா? அப்பாடா... பிடுங்கிப் போடறேன்னு குதிச்சாரு, பிடுங்கலை போல. நல்லவேளை. ஓடுதுன்னா ஒண்ணும் இல்ல. தூங்கிட்டிருப்பாரு. இருட்டுல நிக்காத, நீ கிளம்பு."

பொடி கிளம்பிவிட்டாள்.

இதில் என்னடி பயம் என்று பார்க்கிறீர்கள். அவளுக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய், முகம் கழுவி, சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். இப்போது நமக்குப் போன மாதிரியே பட்டென்று கரண்ட் போய்விட்டது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

ஏனென்றால் அது சோலார் நீரூற்று. பேட்டரி கிடையாது. வெயில் இருந்தால்தான் ஓடும்.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

பொடியின் பெரியப்பா டிராபிக் போலீஸ்காரர். பெரிய நாற்சந்தியில் நின்று வேலை பார்த்தவர். அவருக்கு விசிலே தேவையில்லை என்பார்கள். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை விரித்து ஒரு கை காட்டினால் லாரி, பஸ், ஆம்புலன்சுக்கு வழிவிடாமல் முறைத்துக்கொண்டு வருகிற பெரிய மனிதர்களின் கார், எல்லாம் நிற்கும். வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகள் சண்டை போட்டால் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். ஒரு கை. அவ்வளவுதான், அடங்கிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போயிற்று. வாயைத் திறந்தால் "ஆ" என்று காற்று மட்டும் வரும், அதுவும் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். மிஞ்சியது இடது கை ஒன்று. அறிவு மட்டும் துளி குறையவில்லை. அதுதான் பாவம். எல்லாம் புரியும், எதையும் சொல்ல முடியாது.

அண்ணி ஒரு மழலைப் பள்ளியில் டீச்சர். காலையில் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவாள். அவளுக்குத் தோட்டம் என்றால் உயிர். வீட்டு முன்னால் கொஞ்சம் இடம், ஒரு கொய்யா மரம், நாலைந்து பூச்செடி. அதன் நடுவில் ஒரு நீரூற்று வாங்கி வைத்தாள். துணி ஊறவைக்கிற அளவில் ஒரு கல் தொட்டி. தண்ணீருக்குள் உள்ளங்கை அளவு மோட்டார். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் ஒரு சோலார் பேனல். பேனலை ஒரு இரும்புக் குச்சியின் தலையில் திருகி, குச்சியை மண்ணில் ஊன்றியிருந்தாள். வெயில் பட்டால் தண்ணீர் எழும்பும். வெயில் ஏற ஏற உயரமாக எழும்பும். மேகம் மூடினால் தணியும். பேனல் மேல் ஒரு காக்கா உட்கார்ந்தால்கூடப் பட்டென்று நின்றுவிடும்.

பெரியப்பாவை அறைக்குள்ளேயே போட்டு வைக்கக் கூடாது என்று, காலையில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கொய்யா மரத்து நிழலில், அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுவாள். தரை தொட்டிப் பக்கம் சரிவு. அதனால் பிரேக்கைப் பூட்டிவிட வேண்டும். பிரேக் வலது பக்கம், செத்துப்போன கையின் பக்கம். அவரால் தானாக ஒரு அங்குலம் நகர முடியாது.

ஒரு நாள் உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அண்ணிக்கு ஏதோ வித்தியாசமாக இருந்திருக்கிறது. என்னவென்று புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, தண்ணீர்ச் சத்தம் இல்லை. வெளியே வந்து பார்த்தால் பெரியப்பா இடது கையை நீட்டி பேனலை மூடிக்கொண்டிருக்கிறார். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை விரித்து... நாற்சந்தியில் காட்டுவாரே, அதே கை. அண்ணியைப் பார்த்ததும் கையை எடுத்தார். தண்ணீர் எழும்பியது. அந்தக் கையாலேயே வாயைக் காட்டினார்.

"தண்ணி வேணுமா மாமா? அட, இதுதான் இனிமே உங்க காலிங் பெல்லா!"

பெரியப்பா முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்ததாம். நோய் வந்து முதல்முறை. பட்டணத்துப் போக்குவரத்தை நிறுத்திய கை, இப்போது ஒரு முழம் தண்ணீரை நிறுத்தியது. ஆனாலும் நின்றது இல்லையா... அதில் அந்த மனிதருக்கு ஒரு சந்தோஷம்.

அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது. தண்ணீர் ஓடினால் அவர் சுகம். நின்றால் கூப்பிடுகிறார். தாகம், சிறுநீர், கொசு... ஆனால் அதிகம் கூப்பிடுவது நிழலுக்குத்தான். மரத்து நிழல் ஒரே இடத்தில் நிற்குமா? நகர்ந்து போய்க்கொண்டே இருக்கும். நாற்காலியை யாராவது கூடவே நகர்த்த வேண்டும். விட்டால் உச்சி வெயில் நேராக முகத்தில்.

அண்ணி இருக்கிற நேரம் ஓடி ஓடி வருவாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம்? அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் கேர் சூப்பர்வைசர். வீட்டிலிருந்தே வேலை. காதில் பெரிய ஹெட்போன், முன்னால் இரண்டு கம்ப்யூட்டர். நாம் எல்லாம் போன் போட்டு நெட் வரவில்லை, பில் தப்பு என்று கத்துகிறோமே, அதைச் சமாளிக்கிற பையன்களுக்கு இவன் தலைவன். புதுப் பையன்களுக்கு இவன் சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"ஹோல்டுல போடு. மியூசிக் ஓடட்டும். பாதிப் பேருக்குக் குறையே இருக்காது, சும்மா யார்கிட்டயாவது பேசணும். கொஞ்ச நேரம் மியூசிக் கேட்டா அவங்களே வச்சுடுவாங்க."

ஆபீசில் அவனுக்குப் பெயரே ஹோல்டு. அவனுக்கு அதில் பெருமை வேறு.

முதலில் கொஞ்ச நாள் அவனும் எழுந்து போனான். "என்னப்பா? இப்பதானே நகத்தினேன்! நிழல்தானே இருக்கு? லேசா வெயில் பட்டா என்ன, விட்டமின் டி நல்லதுதான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நகர்த்திவிட்டு வருவான். திரும்பி வந்து ஹெட்போனை மாட்டுவதற்குள் தண்ணீர் நிற்கும். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தக் கை தெரியும். ஒரு நாள் போகவே இல்லை. உட்கார்ந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா கையை நீட்டியபடி இருந்தார்... இருந்தார்... கை நடுங்கியது... கடைசியில் விழுந்துவிட்டது. தண்ணீர் எழும்பியது.

சாயங்காலம் அண்ணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். "பாத்தியா? வச்சுட்டாரு."



அதற்கு மறுநாள் அண்ணி பள்ளிக்குப் போன பிறகு ஏணியை எடுத்தான். குச்சியின் தலையிலிருந்து பேனலைக் கழற்றினான். ஒயரை நீளமாக ஒட்டுப்போட்டு, பேனலைக் கார் ஷெட் தகரக் கூரை மேல் கொண்டுபோய்த் திருகிவிட்டான். குச்சியை மட்டும் பிடுங்கச் சோம்பல், அங்கேயே விட்டுவிட்டான். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து அவர் தோளைத் தட்டினான்.

"மேல வச்சா வெயில் நல்லா படும்பா. பவுண்டன் சூப்பரா ஓடும். நீங்க நிம்மதியா ரசிங்க."

அண்ணி வந்து சண்டை போட்டாள். "மாமா எப்படிங்க கூப்பிடுவாரு?" என்றாள். "எதுக்குக் கூப்பிடணும்? நான்தான் வீட்டிலேயே இருக்கேனே, பாத்துக்க மாட்டேனா?" என்றான். பெற்ற மகனே சொல்லும்போது மருமகள் அதற்குமேல் என்ன பேசுவாள். வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு நாள் வாயை மூடியதைத்தான் இன்றுவரை சொல்லிச் சொல்லி அழுகிறாளாம்.

"செத்துட்டாரா அக்கா?"

பொறு. சொல்கிறேன்.

கோடை. வானத்தில் துண்டு மேகம் இல்லை. அன்றைக்கு அண்ணனுக்குப் புது ஆட்களுக்கான பயிற்சி வகுப்பு, காலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றவே இல்லை. நிழல் நகர்ந்தது. முதலில் கால்... அப்புறம் மடி... அப்புறம் முகம். நீரூற்று அன்றைக்குத்தான் பிரமாதமாக எழும்பியிருக்கிறது. அதன் சுபாவமே அதுதானே, வெயில் கொளுத்தக் கொளுத்தக் குதிக்கும். நடுவில் ஒருமுறை அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தானாம். நாற்காலியின் முதுகு தெரிந்தது. தண்ணீர் தெரிந்தது. அப்பாவின் கை குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தது. வகுப்பில் இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறான், "எங்கப்பா தோட்டத்துல ஜாலியா உக்காந்திருக்காரு. இந்த வாழ்க்கை நமக்கு எப்ப வரும்?"

அண்ணி வந்து நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டிருக்கிறாள். சுருக்கென்று சுட்டது. ரெக்சின் காய்ந்த நெடி மூக்கில் ஏறியது. பெரியப்பாவின் உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது. இடது கை குச்சியின் தலையை மூடியிருந்தது, பேனல் இருந்த இடத்தை. அந்த இரும்பு என்ன கொதி கொதித்திருக்கும்... கையைப் பிரித்து எடுத்தபோது உள்ளங்கையில் வட்டமாக ஒரு சூடு, நடுவில் திருகாணி ஓட்டையோடு. இல்லாத பேனலை மூடி மூடிக் கூப்பிட்டிருக்கிறார்.

இன்னொன்று. நீரூற்று அவ்வளவு உயரமாக எழும்பியதில் சாரல் அவர் கால் வரை வந்திருந்தது. செருப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வாய் வறண்டு செத்தவருக்குச் செருப்பு நனைந்திருந்தது.

அண்ணன் ஊருக்கெல்லாம் சொன்னது வேறு. "தண்ணி சத்தத்தக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டாரு. யாருக்கு இப்படி ஒரு சாவு கிடைக்கும்?" வந்தவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். பொடியும்தான்.

காரியமெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்தது. அண்ணன் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஒரு மத்தியானம், நல்ல வெயில்... நீரூற்று நின்றது.

மேகம் இல்லை. காக்கா இல்லை. அவன் எழுந்து தோட்டத்துக்குப் போனான். கால் வைத்ததும் தண்ணீர் எழும்பியது. உள்ளே வந்து உட்கார்ந்தான். நின்றது. போனான். எழும்பியது. ஒயர் லூஸ் என்று நினைத்து ஷெட் மேல் ஏறிப் பார்த்திருக்கிறான். தகரம் காலைப் பொசுக்குகிறது, பேனல் கண்ணாடி தொட முடியாத சூடு. ஆனால் அதன் நடுவில்... ஒரு கை அகலத்துக்கு மட்டும் சில்லென்று இருந்தது. நிழலில் கிடக்கிற கல் மாதிரி.

பயந்துவிட்டான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதெல்லாம் இல்லை. எரிச்சல் வந்தது அவனுக்கு. செத்த பிறகும் தொல்லையா என்று எரிச்சல். ஹெட்போன் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

அண்ணிக்குத்தான் அந்த நிசப்தம் தாங்கவில்லை. விடுமுறை நாளில் நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். தண்ணீர் நின்று நின்று போவதைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, ஷெட்டில் மடக்கி வைத்திருந்த சக்கர நாற்காலியை எடுத்துத் துடைத்து, கொய்யா மரத்து நிழலில் கொண்டுபோய் வைத்தாள். வெறும் நாற்காலி. தண்ணீர் எழும்பியது. நிழல் நகர்ந்தபோது நாற்காலியையும் நகர்த்தினாள். சாயங்காலம் வரை ஒருமுறைகூட நிற்கவில்லை.

அதிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது அவளுக்கு. பள்ளி நாளில் விடியும்போதே சுவரோரம், நாள் முழுக்க நிழல் விழுகிற மூலையாகப் பார்த்து வைத்துவிட்டுப் போவாள். அண்ணன் கேலி செய்தான். "செத்தவருக்கு சன்ஸ்ட்ரோக் வந்துடுமா?" என்றான். அவள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது மட்டும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். "வேற எதுவும் செய்ய வேணாங்க. அந்த மூலை வெயில் இப்ப திரும்பிடுச்சு. நிழல் மாறறப்ப நாற்காலிய மட்டும் நகத்திடுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

சரி என்றான். தினமும் போனில் கேட்பாள். "நகத்தினேன், நகத்தினேன்" என்பான். நகர்த்தவில்லை. அவனாவது, நகர்த்துவதாவது. நீரூற்று நாள் முழுக்க நின்று கிடந்திருக்கிறது. கடைசியாக அந்தக் காலை, அண்ணியிடம் கத்தியிருக்கிறான்.

"இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டறேன். எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடறேன். அப்புறம் எதை நிறுத்தி யாரைக் கூப்பிடுவாருன்னு பாக்கறேன்!"

அதுதான் அவன் கடைசியாகப் பேசிய பேச்சு. அன்றைக்குச் சாயங்காலம்தான் பொடி கேட்டுக்கு வெளியே நின்றது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அண்ணி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

இப்போது புரிகிறதா? தண்ணீர் ஓடினால் சுகம். அந்த வீட்டு வழக்கம் அவள் காதிலேயே ஊறிப் போயிருந்தது. மகராசி, ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்திருக்கலாம்.

பொடி சோற்றுக் கையோடு அவள் அப்பாவிடம் ஓடிச் சொன்னாள். "தொட்டி வழிஞ்சிருக்கும், குழாய மூட மறந்திருப்பான். காலையில போலாம், படு" என்றார் அவர். பெரியவர்கள் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அண்ணிக்குப் போன் போட்டு, "அண்ணி, இருட்டுல அது எப்படி ஓடும்?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் கைக்குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

விடிந்ததும் அப்பாவும் மகளும் போனார்கள். சாலையின் பாதியிலேயே கேட்டது... சளசள, சளசள. அப்பாவுக்கும் கேட்டது. அவர்தான் மதிலேறிக் குதித்து கேட்டைத் திறந்தார். அவர் கால் மண்ணில் பட்ட நொடி சத்தம் நின்றுவிட்டது.

கல் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றி மண் காய்ந்து வெடித்திருந்தது. மோட்டார் ஒரு பக்கம். பேனல் கண்ணாடி கீழே பார்த்தபடி குப்புறக் கிடந்தது. ஒயரை வெட்டுக்குறடால் துண்டு துண்டாக நறுக்கியிருந்தான், ஒரு துண்டு விரல் நீளம்கூட இருக்காது. அவ்வளவு ஆத்திரம். குறடு அங்கேயே கிடந்தது. ஷெட் மேல் ஏணி சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுத்தான் இருந்தான்.

சக்கர நாற்காலி தோட்டத்தின் நட்டநடுவில், மரத்தைவிட்டுத் தள்ளி இருந்தது. அதில் அண்ணன்.

செத்துப் போகவில்லை. உயிர் இருந்தது. அதுதான்டி கொடுமை. முந்தைய நாள் வெயில் முழுக்க முகத்தில் விழுந்து தோல் கொப்புளித்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. பிரேக் வலது பக்கம், இறுகப் பூட்டியிருந்தது. இடது கை நீண்டு, அந்த இரும்புக் குச்சியின் தலையை அழுத்திப் பிடித்திருந்தது. பொடிதான் அதைப் பிரித்தாளாம். உள்ளங்கையில் வட்டமாக ஒரு சூடு... நடுவில் ஓட்டையோடு.

பொடியைப் பார்த்து வாயைத் திறந்தான். "ஆ" என்று காற்று வந்தது. அவ்வளவுதான்.

டாக்டர், அப்பாவுக்கு வந்ததுதான் மகனுக்கும் வந்திருக்கிறது, பரம்பரை என்று சொன்னார். நாற்காலியில் எப்படி வந்து உட்கார்ந்தான், யார் பிரேக் போட்டது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. முதல் நாள் மாலை கேட்டைத் திறந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கலாம் என்றாராம். பொடி அதைச் சொல்லும்போது மாத்திரை அட்டையை மடக்கி மடக்கிக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா... கையைப் பிடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொள். இன்னும் முடியவில்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

அண்ணி திரும்பி வந்தாள். தொட்டி, மோட்டார், பேனல் எல்லாவற்றையும் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்தாள். இரும்புக் குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். அவனைத் தோட்டத்துக்கே கொண்டுபோவதில்லை, உள்ளறையில்தான் வைத்திருக்கிறாள். நல்ல காலிங் பெல் ஒன்று வாங்கி, பட்டனை நாற்காலியின் இடது கைப்பிடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். அழுத்தினால் பட்டனில் சிவப்பு விளக்கு எரியும், சமையலறையில் மணி அடிக்கும்.

போன வாரம் பொடி பார்க்கப் போயிருந்தாள். மத்தியானம். உள்ளறை ஜன்னல் வழியாக வெயில் வந்து நேராக அவன் முகத்தில் விழுந்திருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவன் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. பொடியைப் பார்த்தவுடன் இன்னும் வேகமாக அழுத்தினான்.

பொடி சமையலறைக்கு ஓடினாள். மணி சுவரில் மாட்டியிருக்கிறது. அதிலும் விளக்கு மின்னி மின்னி அணைகிறது. அண்ணி அதற்கு நேர் கீழே நின்று நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணி, அண்ணன் பெல் அடிக்கறாரு!"

அண்ணி கத்தியை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தில் ஒரு நிம்மதி.

"பெல்லா? இல்லையே... நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு. கேக்கல உனக்கு?"

பொடிக்கும் கேட்டது. மணிச் சத்தம் இல்லை. சுவருக்குள்ளிருந்து... சளசள... சளசள... வெயில் ஏற ஏறக் கூடிக்கொண்டே போனது.

திரும்ப ஓடி வந்து நாற்காலியையாவது நிழலுக்குத் தள்ளலாம் என்று பிரேக்கை எடுத்தாள். தள்ளினாள். அசையவில்லை. முன்னால் யாரோ கை காட்டி நிறுத்தின மாதிரி... ஒரு அங்குலம் நகரவில்லை. சக்கரத்தில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

எதுவும் சிக்கவில்லை. அவன் செருப்பு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.